மலை சும்மா இருந்த நாள்

“மேலடுக்குல சுத்துறது மேலயே சுத்திட்டுப் போகட்டும். கீழ கெடக்குற நெல்லுக்கு அதுனால என்ன தாயி?” என்று கேட்டார் பெரியப்பா. மடித்த தார்ப்பாயைத் தலைக்கு வைத்து, நெல் குவியலுக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். வாடிப்பட்டிக்கு அருகே உள்ள கொள்முதல் நிலையம் அது. அவருடைய முறை இன்னும் வரவில்லை; அந்தப் போகத்தின் விளைச்சல் முழுவதும் திறந்த வெளியில் கிடந்தது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்லூரியில் புவியியலும் படித்தேன். அந்தப் பெருமையோடுதான் சொன்னேன்: டிவியில் ‘வளிமண்டல மேலடுக்கு சுழற்சி’ என்கிறார்கள், மூடிவிடுங்கள் என்று. உயரே காற்று சுழன்றால் கீழே உள்ள ஈரக்காற்று மேலேறும், குளிர்ந்து மழையாக இறங்கும் என்று கையைச் சுழற்றிக் காட்டினேன். அவர் வடக்கே சிறுமலையை நோக்கித் தாடையை நீட்டினார். எங்கள் பக்கத்தில் மழைக்கு அதுதான் சாட்சி. மலையில் மேகம் இறங்கினால்தான் தார்ப்பாயை விரிப்பார்கள். “மலை சும்மா இருக்கு. டிவிக்காரனுக்கு என்ன தெரியும் நம்ம மலைய?” பக்கத்துக் குவியல்காரர் சிரித்தார்: “விடுங்கண்ணே, படிச்ச புள்ள வானத்துக்கே மாடி கட்டுது!”

அன்றே மழை கிழக்கிலிருந்து வந்தது. தார்ப்பாயின் மடிப்பைப் பிரிப்பதற்குள் குவியலின் ஓரம் தண்ணீரோடு ஓடத் தொடங்கியது. ஆளுக்கொரு முனையை இழுத்தோம். காற்று தார்ப்பாயை நடுவில் கிழித்தது. பெரியப்பா நெல்லைப் பார்க்கவில்லை. நனைந்தபடி சிறுமலையையே பார்த்து நின்றார். அங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. “மலை சும்மாதானே இருக்கு? சும்மாதானே இருக்கு?”

சில நாள் கழித்துக் குவியலுக்குள் கைவிட்டேன். உள்ளே சுட்டது. வெள்ளை முளைகள் விரலில் ஒட்டின. அந்த நெல்லை நிலையத்தில் வாங்கவில்லை. அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. அங்கிருந்த எல்லோரும் ‘மேலடுக்கு சுழற்சி’ என்ற அந்தச் சொல்லை வருடக்கணக்காகக் கேட்டிருந்தார்கள். தங்கள் நெல்லைப் பற்றிய பேச்சு அது என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

இப்போது நகரத்தில், கோரிப்பாளையத்தில் டியூஷன் எடுக்கிறேன். இன்று காலை செய்தியில் அதே சொல். அதே நிலையத்தில் மறுபடியும் பெரியப்பாவின் நெல். போன் செய்தேன்.

“மலை சும்மாதான் இருக்கு” என்றார். “அதுனாலதான் பயமா இருக்கு தாயி.”

ஊர் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டேன்: “மேல காத்து சுத்துது. மலையப் பாக்காதீக, நெல்ல மூடுங்க.” நான் ஏறிய வாடிப்பட்டி பஸ் சமயநல்லூரைத் தாண்டிவிட்டது. என் மடியில் புதுத் தார்ப்பாய் இருக்கிறது.