வீடு நம்மடதான்

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். குடும்ப மானம் போய்விடுமோ என்று பயம். அம்மன்தான் இன்று துணிவு தந்தாள்.

எங்கள் மட்டக்களப்பில் கல்யாணத்தின்போது பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருப்பார். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இதே வழக்கம். வேலைக்காகக் கட்டார் நாட்டுக்குப் போன என் கணவர் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். "அப்பா கோயில் திருவிழாவுக்கு வருவார்" என்று மகளிடம் எல்லோரும் சொன்னோம். திருவிழா முடிந்தும் அவர் வரவில்லை. பிள்ளை சோற்றைத் தொடவில்லை.

பக்கத்து ஊரான காத்தான்குடியிலிருந்து வழக்கமாகத் துணி விற்க வரும் பெண் அதைப் பார்த்துவிட்டு, நடந்ததைக் கேட்டறிந்தாள்.

"என்னையும் புருஷன் உட்டுட்டுத்தான் போனாரு. வாப்பா வருவார் எண்டு மகனுக்குச் சொல்லிச் சொல்லியே வளத்தன். இப்ப நான் சொல்ற ஒண்டையும் அவன் நம்புறானில்ல. நீ உண்மையச் சொல்லிரு கா."

சொன்னேன். மகள் அழவில்லை.

"அப்ப நம்மளும் இந்த வீட்ட உட்டுப் போகணுமாம்மா?"

"இல்ல புள்ள. வீடு நம்மடதான். ஒருத்தரும் நம்மள இங்கயிருந்து எழுப்பேலாது."

அன்று சாப்பிட்டாள். ஆனால் வாசலில் கிடக்கும் அப்பாவின் செருப்பை இன்றும் எடுக்க விடமாட்டாள்.

இதைப் பிறருக்குச் சொல்வதானால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். எனக்குப் புத்தி சொன்னவள் ஒரு முஸ்லிம் பெண் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.