கொக்கு இறங்கும் நேரம்

புளி உடைக்கிற சத்தம் எங்கே கேட்டாலும் எனக்குப் பென்னாகரம் ரோடு ஞாபகம் வந்துவிடும். டொக், டொக். ஓடு தெறிக்கும், புளிப்பு மூக்கில் ஏறும். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் என் தம்பி, பெங்களூருக்குப் போகப்போவதாகச் சொன்னான்.

தருமபுரி ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஒகேனக்கல்லுக்கு வேன் ஓட்டுகிறவன் அவன். "நேரா அருவி, குளியல், மீனு, திரும்ப வூடு. இதுக்கு பஸ்ஸே போதும்னு ஆயிட்டாங்க யக்கா. அங்க ஒருத்தர் வூட்டுக் காரு ஓட்டக் கூப்புடறாரு. சித்திரை பொறந்தா கெளம்பிருவேன்."

இன்னொருவர் காரில், கதவு திறந்துவிட்டுக்கொண்டு, அவனா? பாதி வருஷத்தில் வாடிப்போவான். விடமாட்டேன் என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

அப்போது சீன நிலக்காட்சிகளைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். ஓர் ஊர் அழகாக இருந்தால் அதை எட்டுக் காட்சியாக்கிப் பேர் வைத்துவிடுவார்களாம். ஆற்றின் மேல் இரவு மழை. மணல்திட்டில் இறங்கும் காட்டு வாத்துகள். பனிமூட்டத்துக்குள் கோயில் மணி. ஒவ்வொரு பேரும் அவர்கள் எழுத்தில் நாலே எழுத்து. பேரைக் கேட்டே ஜனம் மலையேறிப் போகுமாம்.

"நம்ம ரோட்டுக்கும் எட்டு வைக்கலாம்டா."

"பாறைக்குப் பேரு வச்சா பாலு கறக்குமா?"

கறக்கவில்லை; ஆனாலும் வைத்தோம். இண்டூர் ஏரியில் இறங்கும் கொக்குகள். சந்தை கலைந்த பிறகு புழுதி. பாறை முகட்டில் முதல் வெயில். கரையில் கவிழ்ந்து காயும் பரிசல்கள். இன்னும் நாலு. அட்டையில் எழுதி வேனுக்குள் ஒட்டினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதலில் வந்தது சேலத்துக் குடும்பம் ஒன்று. ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். நாலு எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தன.

"கொக்கு எங்கண்ணா?" என்றது பெண் குழந்தை.

"எருமை முதுவுல பாரு, ஒண்ணு ஒக்காந்திருக்கும்" என்றார் அதன் அப்பா. வேனே சிரித்தது. சந்தைத் திடலில் சந்தையே இல்லை. பாறை கொதித்தது. வழியெல்லாம் அட்டையைப் படித்துப் படித்துச் சிரித்தார்கள். அவர்களை இறக்கிவிட்டதும் தம்பி அட்டையைக் கிழித்தான்.

"கவிதைய உங்க பொஸ்தகத்தோட வச்சுக்கங்க யக்கா. பெங்களூர்க்காரருகிட்ட வரேன்னு சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்து மறுபடி புத்தகத்தைப் புரட்டினேன். அப்போதுதான் உறைத்தது. அந்தப் பேர்கள் இடத்துக்கு வைத்தவை அல்ல. இடத்தின் மேல் ஒரு நேரம் வந்து உட்காரும், அதற்கு வைத்தவை. இரவு மழையை மத்தியானத்தில் யார் பார்க்க முடியும்? நான் தம்பிக்குப் பேரைக் கொடுத்தேன், பொழுதைக் கொடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து டவுன் பஸ் ஏறினேன். ஒவ்வொரு இடத்திலும் கைக்கடிகாரத்தோடு நின்றேன். "யாருக்குங்க காத்திருக்கறீங்க?" என்று ஆடு மேய்க்கிறவர் கேட்டார். கொக்குக்கு என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஆடுகளைத் தள்ளி ஓட்டிக்கொண்டு போனார். கால் வீங்கியது. போனேன். வெயில் கொளுத்தியது. போனேன். கொக்குகள் எப்போது வரும் என்று கடைசியில் அவற்றைவிட எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"ஒரே ஒரு ட்ரிப்பு. எட்டு வேண்டாம், மூணு போதும். நான் சொல்ற நேரத்துக்கு ஓட்டு. அப்புறம் நீ எங்க வேணா போ."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தான். ஓசூரிலிருந்து முந்தின நாளே வந்து லாட்ஜில் தங்கியிருந்த ஒரு டீச்சரையும் அவர் கணவரையும் இருட்டு பிரியுமுன் ஏற்றினோம். முகட்டில் முதல் வெயில் வந்து நின்றது, சொன்ன நேரத்துக்கு. வெயில் தாழ்ந்தபோது பரிசல்களின் கறுத்த முதுகுகள் மினுங்கின. திரும்பும்போது ஏரி.

வானம் காலியாக இருந்தது. தம்பி என்னைப் பார்த்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பிறகு ஒன்று. பத்து. கணக்கு விட்டுப்போயிற்று. வெள்ளையாகச் சரிந்து சரிந்து இறங்கின. யாரும் சொல்லாமலே தம்பி இன்ஜினை அணைத்தான். கடைசிக் கொக்கு கால் ஊன்றும்வரை சாவியைத் தொடவில்லை.

ஸ்டேஷன் வாசலில் டீச்சர் பையை எடுத்துக்கொண்டே கேட்டார்: "மிச்சம் அஞ்சு இருக்குன்னு அக்கா சொன்னாங்களே, அதை எப்பங்க காட்டுவீங்க?"

தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை.

"அதுல ஒண்ணைப் பாக்க மழை வரணும்ங்க. வந்தா போன் பண்றேன். நான் இங்கதான் இருப்பேன்."