மூன்று வருஷம் ஏழாம் வகுப்பு

நான் ஏழாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவள். மக்கு என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷமே தேறிவிட்டேன். சட்டசபை கூடாததால் பெயிலாக்கப்பட்டேன். இதைச் சொன்னால் என் வீட்டில் இன்றும் சிரிக்கிறார்கள். எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

தென்காசியை அடுத்த எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளியில் ஏழோடு சரி. அதற்கு முன்பே மற்றப் பெண்களை நிறுத்திவிடுவார்கள். ஏழாம் வகுப்பில் நான் ஒருத்திதான். பையன்கள் படிக்கும் தென்காசி ஹைஸ்கூலுக்கு என்னை அனுப்ப அப்பா ஒப்பவில்லை. உள்ளூரில் எட்டாம் வகுப்பு வந்தால் படிப்பு, வராவிட்டால் கல்யாணம். அவர் பேச்சு அவ்வளவுதான். எட்டாம் வகுப்பு வேண்டும் என்று பெரிய டீச்சர் எங்கள் சட்டசபை மெம்பரிடம் மனு கொடுத்தார். அடுத்த கூட்டத்தில் கேள்வியாகவே கேட்டுவிடுவதாக அவர் சொன்னார்.

அடுத்த கூட்டம் வரவே இல்லை. ஐரோப்பாவில் சண்டை மூண்டது. எங்களைக் கேட்காமல் நாட்டை எப்படிப் போரில் இழுத்துவிடலாம் என்று மந்திரிகள் ராஜினாமா செய்தார்கள். கவர்னர் ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். சபை பூட்டிக் கிடந்தது. என் கேள்வி உள்ளே மாட்டிக்கொண்டது. பரீட்சை முடிந்ததும் அம்மா பெரிய டீச்சரிடம் போய் அழுதாள். சபை கூடும்வரை என்னை வகுப்பில் வைத்திருக்க வேறு வழியில்லை என்று டீச்சர் ரிஜிஸ்தரில் என் பெயருக்கு நேரே 'தேறவில்லை' என்று எழுதினார். அப்பாவுக்கு இது தெரியாது; நான் நிஜமாகவே பெயில் என்று நம்பிக் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை.

சாரல் காலத்தில் மெம்பரைக் குற்றாலத்தில்தான் பிடிக்க முடியும். அம்மாவும் நானும் போனபோது அவர் இடுப்பில் ஒரு துண்டோடு உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு ஆள் முதுகில் தட்டிக்கொண்டிருந்தான். நாங்கள் என்ன செய்வது? அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அருவியைப் பார்த்து முறையிட்டோம்.

"அண்ணாச்சி, நம்ம புள்ளைக்கு எட்டாங்கிளாஸ்..." என்றாள் அம்மா.

"நான் என்னத்தம்மா செய்ய? சபையே பூட்டிக் கெடக்கு. வேற மாகாணத்துல பாருங்க, எலியும் பூனையுமா இருந்த கச்சிக்காரன்லாம் ஒண்ணாச் சேந்து மந்திரிசபை நடத்துதான். இங்கன சேருததுக்கு ஆளில்ல."

"நீங்க அவியளோட சேந்துக்கிட வேண்டியதுதான?"

எண்ணெய் தட்டும் சத்தம் நின்றது. "அவனுவளோடயா?" என்றார் மெம்பர். பிறகு மறுபடியும் தட்டும் சத்தம் கேட்டது.

மறுவருஷச் சாரலிலும் அதே அருவி, அதே பதில். நான் அதே பாடத்தை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருஷம் அம்மாவின் தொல்லை தாங்காமல் மெம்பர் மனுவை நேராகக் கல்வி இலாகா மேலிடத்துக்கே அனுப்பிவைத்தார். பதிலும் வந்தது. ரிஜிஸ்தரைப் பார்வையிட்டதில், சென்ற சில வருஷங்களில் எந்தப் பெண்ணும் ஏழாம் வகுப்பில் தேறவில்லை. ஆகவே எட்டாம் வகுப்புக்கு அவசியமில்லை.

பெரிய டீச்சர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பொய் என்று சொல்ல அவருக்கு வாயில்லை. எழுதியவர் அவர், அழுது எழுதவைத்தது அம்மா.

"ஏட்டி வா, நீ பாஸுன்னு நான் போய்ச் சொல்லுதேன்" என்று அம்மா எழுந்தாள். யாரிடம் போய்ச் சொல்வது? வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அந்தத் தையில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. சண்டை முடிந்தது, தேர்தல் நடந்தது, சபை கூடியது, வேறு ஒருவர் மெம்பரானார். எங்கள் பள்ளிக்கு ஒருவழியாக எட்டாம் வகுப்பும் வந்தது. இடுப்பில் குழந்தையோடு போய், என்னைச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். புதிதாக வந்திருந்த டீச்சர் சிரிக்கவில்லை. பழைய ரிஜிஸ்தரை எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, என் பெயரைத் தேடிப் பிடித்தார்.

"நீங்க ஏழுல பாஸ் ஆகலியேம்மா" என்றார்.