மகாதேவ சார் குடிக்காத முட்டைகள்

பள்ளிக்கூடத்துப் பியூன் கடைக்கு வந்தபோது நான் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தேன். “அண்ணாச்சி, நம்ம சார் மரிச்சு போயி, கேட்டோ” என்றான். தராசைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மகாதேவ சாரிடம் சயன்ஸ் படித்த யாரும் அந்த முட்டைகளை மறந்திருக்க மாட்டீர்கள். வெறும் தண்ணீரில் மூழ்கும். உப்பை அள்ளிப் போட்டால் மிதக்கும். காடியில் இரண்டு நாள் ஊறினால் ஓடு கரைந்து ரப்பர் பந்து மாதிரி ஆகும். அத்தனையும் வித்துரா கிராமத்திலிருந்து உமி பரப்பிய கூடையில் வந்த என் கடை முட்டைகள். நான் மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவன்தான். ஆனாலும் சாலைக் கடைத்தெருவில் சயன்ஸ் தெரிந்த வியாபாரி என்றால் நான் ஒருவன்தான்.

ஒருநாள் என்னையே வகுப்பில் நிறுத்தினார். புட்டிக்குள் எரியும் காகிதத்தைப் போட்டார். அவித்து உரித்த முட்டையை அதன் வாயில் வைத்தது என் கை. தீ அணைந்ததும் முட்டை ‘தொபுக்’கென்று உள்ளே போய்விட்டது. ஆயிரம் பிள்ளைகள் கைதட்டினார்கள். சரி, நாற்பது பேர். “பாத்தீங்களா, புட்டி என்னமா இழுக்குது!” என்றேன்.

“இழுக்கலை ஓய். வெளியில இருக்கற காத்து தள்ளறது. நீர் சொல்றது கேக்க நன்னாத்தான் இருக்கு, ஆனா நெஜமில்லை” என்று சிரித்தார்.

போன கர்க்கடக மாத மழையில் சாருக்கு இருமல் பிடித்தது. நெஞ்சில் நோய், தினம் இரண்டு பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் குடிக்க வேண்டும் என்றார் டாக்டர். ஐயர் வீட்டில் முட்டையா? சாரின் மனைவி என்னிடம் வந்தார். “மருந்துக்கு தோஷமில்லை, பிள்ளைவாள். ஆத்துக்குள்ள மட்டும் வேண்டாம். உங்க கடையில வச்சுக் குடுத்துடுங்கோ.”

முதல் நாள் கடையின் பின்கட்டில் ஒரு முட்டையை உடைத்துக் கலக்கிக் கொடுத்தேன். மூக்கருகே கொண்டுபோனார். குமட்டிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “முடியலை ஓய்” என்று டம்ளரை வைத்துவிட்டார். உடைக்காத இன்னொன்றை மேல்வேட்டியில் முடிந்துகொண்டார். “நான் குடிச்சா எனக்கு மட்டும். அங்க கொண்டுபோனா நாப்பது பேருக்கு.” யுத்த காலம், சாக்குக்கட்டிக்கே பஞ்சம் பிடித்த பள்ளிக்கூடம். மறுநாளிலிருந்து இரண்டும் வகுப்புக்கே போயின. நான் தடுக்கவில்லை. சில நாள் நானே கூடப்போய்ப் புட்டியில் முட்டை வைத்துக் கைதட்டு வாங்கினேன்.

தெருவில் சிலர், “முட்டை பாடத்துக்கா, பலகாரத்துக்கா?” என்று கேலி செய்தார்கள். பாடத்தின் பெயரைச் சொல்லிச் சார் தின்கிறாராம்! குடிப்பதாகப் பெயர் சொல்லிப் பாடம் நடத்திய மனிதரைப் பார்த்தா இந்தக் கேலி!

வெள்ளிக்கிழமைதோறும் சாரின் மனைவி கடைக்கு வந்து கேட்பார். “குடிக்கிறாரா, பிள்ளைவாள்? குடிக்கலேன்னா சொல்லிடுங்கோ. நாகர்கோவிலுக்கு அழைச்சிண்டு வரச் சொல்லி என் அண்ணா எழுதிண்டே இருக்கார். அங்க நெஞ்சு நோவுக்கு நல்ல டாக்டர் இருக்காராம்.”

“குடிக்கிறாராவா? ஒரே மடக்கு! முந்தாநாள் மூணாவது கேட்டாரு. நாந்தான் போதும் சாமின்னு தடுத்தேன்” என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்திருப்பார். அதைப் பார்த்து அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். சார் ஏப்பம் விட்டதையும் சொன்னேன். நாகர்கோவில் அண்ணனுக்கு அந்த அம்மாள் பதில் கடிதம் போடவே இல்லை. சார் இளைத்துக்கொண்டே வந்தார். முட்டை காப்பாற்றும் என்று அந்த அம்மாள் காத்திருந்தார்.

பதிமூன்றாம் நாள் காரியம் கழிந்து சார் வீட்டில் போய் நின்றேன். “உங்களாலதான் இத்தனை மாசமாவது இருந்தார்” என்று அந்த அம்மாள் என்னைக் கும்பிட்டார். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு குனிந்தபடி வந்துவிட்டேன்.

சாருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கும்பிடு ஒன்றுதான். அது எனக்கு உரியதல்ல. அவரிடம் படித்தவர்களே, அந்தத் தெருப்பக்கம் போகிறவர் யாராவது நான் எழுதிய இதை அந்த அம்மாளுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஓர் எழுத்தும் கூட்டாமல் வாசியுங்கள்.