மெற்றில்டாவின் பெத்லகேம்

மெற்றில்டா தன்னை ஓவியர் என்று ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. யாரும் கேட்டால் ஆஸ்பத்திரி லோண்டரியில் வேலை என்பார். அது உண்மை. ஈரமான விரிப்புகளை மெஷினிலிருந்து இழுத்து இழுத்து வலது தோள் இறங்கியிருந்தது. வால்தம்ஸ்டோவில் ஷிப்ட் முடித்து எட்மண்டன் வீட்டுக்கு வந்ததும், சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக் கதிரையில் இருப்பார். பிறகு எழும்பி, சுவருக்குப் பூசும் பெயின்ற் டின்னைத் திறப்பார்.

வரைந்தது எப்போதும் ஒரே இடம்: பஸ்ஸில் தினமும் கடக்கும் லீ ஆற்றுச் சதுப்பு, நூறு வருடம் கழித்து. பெருந்தெரு தண்ணீருக்குள் கிடக்கும். குப்பை எரிக்கும் ஆலையின் புகைபோக்கியில் நாரைகள் கூடு கட்டியிருக்கும். மின்கோபுரங்களைச் சுற்றி, உப்புத் தண்ணீரில் வளரும் கண்டல் மரங்களின் வேர்கள். மேட்டில் கழுதைகள், அவர் விட்டுவந்த மன்னார்த் தெருக்களில் திரிவதுபோல.

மகன் சிவில் என்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். இந்தக் குளிரில் கண்டல் பிழைக்காது என்றான்.

"அந்த நேரம் குளிர் இராது, மகன்."

அதற்குப் பிறகு அவன் திருத்தம் சொல்லவில்லை.

வரைந்த பலகைகளைக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். 1997இல் அவரை அடக்கம் செய்துவிட்டு வந்து மகன் அவற்றை வெளியே எடுத்தபோது, சாத்தி வைக்கச் சுவர் போதவில்லை. உயிரோடு இருந்த காலத்தில், படங்களை வைப்பார்களா என்று இரண்டு கலைக்கூடங்களில் கேட்டுப் பார்த்தார். ஒன்றில் பதிலே இல்லை. மற்றதில், உங்கள் நாட்டுப் போரை வரைந்திருந்தால் யோசிக்கலாம் என்றார்கள். அதோடு கேட்பதை விட்டார். யாராவது பார்க்கவேண்டும் என்ற ஆசையை விட முடியவில்லை.

அதனால்தான் 1993 மார்கழியில், கிறிஸ்மஸ் பாலன் குடிலுக்குப் பின்னணி கீறித் தரமுடியுமா என்று றெஜினோல்ட் கேட்டவுடன் ஓம் என்றார். றெஜினோல்ட் வால்தம்ஸ்டோ தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் பொறுப்பானவர். பாறை, மணல், ஒட்டகம் என்று அவர் சொல்லவில்லை. குடில் என்றால் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

நத்தாருக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்ததும் அவர் கீறிய இரண்டு பலகைகளையும் குடிலுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். தண்ணீர் மூடிய அதே சதுப்புத்தான். சனம் கூடியது. கதிரை அடுக்கிக்கொண்டிருந்த கஸ்பர் கிட்ட வந்து பார்த்தார்.

"சூசையப்பர் வள்ளத்திலையோ வந்தவர், மெற்றில்டாக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். மெற்றில்டாவும் சிரித்தார். றெஜினோல்ட் சிரிக்கவில்லை. ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டார்.

"பெத்லகேம் எங்கை, தங்கச்சி?"

"இதுதான் அண்ணை. அவர் அங்கையும் பிறப்பார்தானே."

றெஜினோல்ட் கெட்ட மனிதர் அல்ல. வீடுவாசல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த சனம், கும்பிட வருகிற இடத்திலும் அழிவைக் காட்டலாமா என்று கேட்டார். மண்ணிறத்தில் ஒரு மலை பூசிவிட்டால் போதும், பெயின்ற் தானே வாங்கித் தருவதாகச் சொன்னார்.

மெற்றில்டா பலகைகளைப் பார்த்தார். மலை பெரிய வேலை இல்லை. பூசிக் கொடுத்தால் வருடாவருடம் கூப்பிடுவார்கள், வடிவு என்பார்கள். மலையை.

"எனக்கு ஏலாது அண்ணை. கழட்டித் தாங்கோ, கொண்டு போறன்."

பஸ்ஸில் தாயும் மகனும் ஆளுக்கொரு பலகையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். போர்த்தத் துணி இல்லை. திருப்பிக் கொண்டுவர நேரும் என்று அவர் நினைக்கவில்லை. மகனுக்குக் கோபம் ஆறவில்லை. ஆற்றைக் கடக்கும் இடத்தில் பஸ் நெரிசலில் நின்றது. எதிரே கடைப் பைகளோடு இருந்த ஒரு கறுப்பினப் பெண் பலகையைப் பார்த்தார். யன்னலுக்கு வெளியே புகைபோக்கியைப் பார்த்தார். இந்த இடம்தானா என்று கேட்டார். மெற்றில்டா தலையாட்டினார். எப்போது என்று கேட்டார். நாங்கள் போன பிறகு என்றார் மெற்றில்டா.

பின்னால் இருந்த இருவர் எழும்பி வந்து குனிந்தார்கள். ஒருவர் படத்தில் தன் பிளாட் வீட்டைத் தேடினார். அது தண்ணீருக்குள் என்று தெரிந்ததும், நகரசபைக் கவுன்சில் அப்போதாவது ஒழுகும் குழாயைத் திருத்துமா என்று கேட்டார். கழுதைகள் யாருடையவை என்றார் அந்தப் பெண். யாருடையவையும் இல்லை என்றார் மெற்றில்டா.

எட்மண்டன் வந்தது. மகன் இறங்குவதற்கு மணியை அடிக்கக் கையை நீட்டினான்.

"கொஞ்சம் பொறு, மகன்," என்றார். "ஆக்கள் பாக்கினம்."