தனூத்தா அன்ரி வீட்டு மேலதிகத் தட்டு

இன்று லில்லெஸ்ட்ரோமில் ஒரு போலந்துக் கடையில், நூலில் கோத்துத் தொங்கவிட்டிருந்த காய்ந்த காளானின் வாசம் மூக்கில் பட்டதும், சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த ஹொல்ம்லியாவில் எங்கள் எதிர்வீட்டில் இருந்த போலந்துக்காரி தனூத்தா அன்ரியின் சமையலறை நினைவுக்கு வந்தது. இப்போது அந்தக் கட்டடமே இல்லை. நத்தாருக்கு முதல்நாள் அங்கே யன்னல்களில் ஆவி படிந்திருக்கும், அடுப்பில் பீட்ரூட் சூப் கொதிக்கும், அவர்கள் ஊர் வழக்கப்படி மேசைவிரிப்பின் கீழே பரப்பிய வைக்கோல் கை வைத்தால் சரசரக்கும், அழையாமல் வரும் விருந்தாளிக்கென்று ஒரு தட்டு எப்போதும் மேலதிகமாக இருக்கும். எனக்கு ஒன்பது வயதான வருடம், ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மாவிடம் போவதற்காக அப்பா என்னை அங்கே விட்டுவிட்டுப் போனார். அன்ரி அந்தத் தட்டில் சூப்பை ஊற்றி, காளான் அடைத்த குட்டி மோதகங்களை மிதக்கவிட்டார். நான் பாதி சாப்பிட்டிருந்தபோது அப்பா திரும்பி வந்து வாசலில் நின்றார்.

“அம்மா போயிட்டா, பிள்ளை.”

“ஓம். இதைச் சாப்பிட்டிட்டு வாறன்.”

தமிழ் தெரியாத அன்ரி அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அவரைக் கதிரையில் இருத்தி, தன் தட்டை அவர் முன் நகர்த்தினார். அப்பா குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே சாப்பிட்டார். நானும் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. அன்றைக்கு அந்த மேசையில் அழுதது தனூத்தா அன்ரி மட்டும்தான்.