ஒட்டு சரியில்லை என்று எழுதினேன்

எங்கள் அடையாறு, தரமணி அலுவலகங்களின் ரூட்டர்களை இணைக்கும் ஃபைபர் கேபிள், சாலையில் பள்ளம் தோண்டியபோது அறுந்தது. ஒப்பந்தத்தில் வேலை செய்யும் சலீம் பாய் அதை ஒட்டிக்கொடுத்தார். மறுநாள் காலை இணைப்பில் பிழைகள் ஏறிக்கொண்டே இருந்தன. ஒட்டு சரியில்லை என்று மேலாளருக்கு மெயில் அனுப்பினேன். இனி பாய்க்கு வேலை தர வேண்டாம் என்று பதில் வந்தது.

ஒட்டிய கேபிளில் ஒளி எவ்வளவு குறைகிறது என்று மறுநாள் வந்து கருவியால் அளந்து பார்ப்பது பாயின் வழக்கம். அன்றும் வந்தார், அளந்தார்.

"ரோட்டுல ஒண்ணும் இல்ல சார். உங்க ரூம்லதான் இன்னாவோ கீது."

நான் விடவில்லை. ரூட்டரில் செருகும் குட்டி ஃபைபர் வயரை இரண்டு முறை மாற்றினேன். பிழை நிற்கவில்லை. மூன்றாவது வயரின் நுனியை வழக்கம்போல் சட்டையில் துடைத்தேன்.

"இன்னா சார் இது, மூக்குக் கண்ணாடியா?"

அதை வாங்கித் தன் சிறிய நுண்ணோக்கியில் காட்டினார். ஒளி போகும் இழையின் முகம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. முந்தின நாள் வயரைத் துடைத்து மாட்டியவனும் நான்தான். வயரையும் அதைச் செருகும் துளைகளையும் பாய் சுத்தம் செய்தார். அதன் பிறகு ஒரு பிழைகூட வரவில்லை.

அவர் எதிரிலேயே மேலாளரை அழைத்தேன். "தப்பு என்னோடது சார். பாயை நிறுத்த வேண்டாம்" என்றேன். மேலாளரும் ஒப்புக்கொண்டார். வேலை போகவிருந்தது பாய்க்கு அப்போதுதான் தெரிந்தது.

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே சார்" என்றார்.

போட்டிருக்கலாம். மெயில் எழுதுவதைவிட அது எளிது. ஏன் போடவில்லை என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.